ஒரு முகத்துக்கு ஒரு ஃபைல்

அந்தப் பகுதியில் அவரைத் தாடைக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவருடைய தாடை ஒன்றும் பெரிதில்லை, எல்லாருக்கும் இருக்கிற தாடைதான். பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்க வருகிறவர் யாராக இருந்தாலும் முக்காலியில் உட்கார வைத்து, "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க... போதும் போதும், இவ்ளோ வேண்டாம்" என்பார். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அதே வாக்கியம், நீதிபதிக்கும் அதே வாக்கியம். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால் ஜனங்கள் பேர் வைக்காமல் என்ன செய்வார்கள்?

சாவி வெட்டும் கடைக்கும் நோட்டுப் புத்தகக் கடைக்கும் நடுவில் ஒடுக்கமாக இருந்தது அவர் ஸ்டூடியோ. நீலத் திரை, குடை விளக்கு இரண்டு, ஒரு கண்ணாடி, அந்தக் கண்ணாடியில் நூல் போட்டுக் கட்டிய சீப்பு. சீப்பை ஏன் கட்டிவைத்தார் என்று கேட்காதீர்கள். மனுஷ ஜாதி எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

படம் எடுப்பது யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுத்த பிறகு தொடுவதில்தான் தொழில் இருக்கிறது என்பது அவர் கட்சி. கம்ப்யூட்டரில் முகத்தைப் பெரிதாக்கி, பருவை எடுப்பார், கண்ணுக்கடியில் கறுப்பை எடுப்பார், சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்ட கீறலை எடுப்பார். முகத்துக்கு நாற்பது விநாடி. வந்தவருக்குத் தெரியவே தெரியாது. 'பரவாயில்லையே, நாம் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறோம்' என்று நினைத்துக்கொண்டு கவரை வாங்கிப் போவார். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒரு முகத்துக்கு ஒரு ஃபைல்தான் வைத்துக்கொள்வார். கடை ஆரம்பித்த புதிதில் தொட்ட படத்தையும் தொடாத படத்தையும் தனித்தனியாக வைத்திருந்து, கைமாறி, ஒரு கல்யாணப் பெண்ணின் தொடாத படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டுக் கொடுத்துவிட்டார். பெண்ணின் அப்பா, சித்தப்பா, மாமா என்று ஒரு படையே வந்து கடைக்குள் நின்று கத்திய கத்தலில் சாவிக்கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டார். அன்றோடு சரி. தொட்டதும் பழையதன் மேலேயே சேமிப்பார், கேமரா கார்டை அன்றைக்கே துடைத்துவிடுவார். பழசு இருந்தால்தானே பழசால் வம்பு?

அவர் மனைவிக்கு வேலை மூன்று தெரு தள்ளி, ரத்தப் பரிசோதனை நிலையத்தில். ஊசி போட்டு ரத்தம் எடுக்கிற வேலை. அவள் இடது கன்னத்தில் பிறந்ததிலிருந்தே ஒரு மச்சம் உண்டு. காதடியில் தொடங்கித் தாடை வரைக்கும் கருஞ்சிவப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். அதை அவள் மறைத்ததும் இல்லை, அதற்காக அழுததும் இல்லை. ஊசியைப் பார்த்து அலறும் குழந்தைகளிடம் கன்னத்தைத் திருப்பிக் காட்டி, "இது எந்த நாட்டு மேப்புன்னு சொல்லு, பாப்போம்" என்பாள். குழந்தை வாயைப் பிளந்து யோசித்து முடிப்பதற்குள் ரத்தம் குழாய்க்குள் வந்திருக்கும். வேலையில் சேர்ந்த புதுப் பெண்கள், "அக்கா, உங்களுக்கு மேப் இருக்கு, நாங்க என்ன பண்றது?" என்று அலுத்துக்கொள்வார்கள்.

போட்டோ கிளப்பின் அறிவிப்பை அந்த நிலையத்துச் சுவரில்தான் அவள் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு பயிற்சி வகுப்புகள், முடிவில் போட்டி, பிறகு கண்காட்சி. புருஷனைக் கேட்கவில்லை. அவர் பேரைக் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள்.

"எனக்கு எதுக்கு இது? நான் எடுக்காத போட்டோவா?" என்றார் தாடைக்காரர்.

"நீங்க எடுக்கிறது போட்டோ இல்லைங்க, முத்திரை. எல்லாரும் ஒரே மாதிரி இருப்பாங்க. நாலு வாரம் போய்ட்டுத்தான் வாங்களேன்."

முணுமுணுத்துக்கொண்டேதான் போனார். நூலகத்து மாடியில் வகுப்பு. கிளப்பின் செயலாளர் ஒரு பல் டாக்டர். பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார், தொழில் புத்தி. பாடம் நடத்த வந்தது பத்திரிகையில் படம் எடுக்கும் ஓர் அம்மா, குட்டையாக வெட்டிய நரைமுடி, தோளில் பழைய பை. முதல் நாளே எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லிவிட்டு, ஜன்னலோரம் ஒரு வெறும் நாற்காலியைப் போட்டாள்.

"வெளிச்சம் எங்கேயிருந்து வருதுன்னு முதல்ல பாருங்க. அப்புறம் ஆளைப் பாருங்க. கேமராவைக் கடைசியில தொட்டாப் போதும்" என்றாள்.

இருபத்திரண்டு வருஷமாகக் குடை விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் அறியாதவர் தாடைக்காரர். அந்த வெறும் நாற்காலியின் ஒரு கால் மட்டும் வெயிலில் இருந்ததை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் அவர் கடைவாய்ப் பல்லைப் பார்த்தார். வீட்டுக்குப் போய்ச் சொந்த வீட்டு ஜன்னல் எத்தனை, எது எந்தப் பக்கம் என்று எண்ணினாரே, அந்த மனுஷனை என்ன சொல்ல!

மூன்றாவது வாரத்து வீட்டுப்பாடம்: வீட்டில் ஒருவரை, ஜன்னல் வெளிச்சத்தில், 'இப்படி உட்காரு, அப்படித் திரும்பு' என்று சொல்லாமல் எடுக்க வேண்டும். அதுதான் போட்டியின் ஒரு பிரிவும்கூட. பிரிவுக்குப் பேர் 'உள்ளபடி'. வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். படத்தில் இருப்பதை எடுக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது.

அந்த ஞாயிறு பதினோரு மணிக்குச் சமையலறை ஜன்னலோரம் மனைவி உட்கார்ந்து, அறுந்துபோன கைப்பை வாரைத் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன். வெளியூரில் படிக்கும் மகள், கூடத் தங்கியிருப்பவளின் குறட்டையைப் பற்றி அதில் புலம்பிக்கொண்டிருந்தாள். "ரெக்கார்ட் பண்ணிக் காட்டினா, இது நான் இல்ல, லாரின்னு சொல்றாம்மா!" என்றாள் மகள். தாய்க்காரி சிரித்தாள். ஊசி அந்தரத்தில் நின்றது. ஜன்னல் வெளிச்சம் முழுக்க இடது கன்னத்தில் விழுந்தது. தாடைக்காரர், தன் ஆயுளில் முதல் தடவையாக யார் தாடையையும் தூக்கச் சொல்லாமல், அழுத்தினார்.

கேமராவின் பின்பக்கத் திரையில் அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கேன்ல?" என்றாள். கொஞ்சம் வெட்கம்தான்.

"போட்டிக்குக் குடுக்கட்டுமா?"

"குடுங்க. ஆனா ஒண்ணு, நான் எப்படி இருக்கேனோ அப்படியே போகணும்."

"பின்னே? கை வெச்சா வெளிய தள்ளிடுவாங்க. விதியே அதானே."

"விதிக்காகச் சொல்லலைங்க. எனக்காகச் சொல்றேன்."

"சரிம்மா. சத்தியமா தொடமாட்டேன்" என்றார் அவர். மனசாரத்தான் சொன்னார்.

மறுநாளே அவள் நிலையத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். எதற்கும் ஆர்ப்பாட்டம் செய்யாதவள், இரண்டு வாரம் அந்தக் கண்காட்சி நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். புருஷன் தன்னை எடுத்த ஒரு படம் சுவரில் தொங்கப்போகிறது, அதில் தான் தானாகவே இருக்கப்போகிறோம் என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குப் பாதிதான் தெரிந்திருந்தது.

கண்காட்சி அதே நூலகத்தின் கீழ்த்தளத்தில். சக்கரம் வைத்த பலகைத் தடுப்புகளில் எண்பது படங்கள். தாடைக்காரரின் அக்கா, தம்பி பெருமையைப் பார்க்க முதல் ஆளாக வந்து, தம்பி படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "டேய், முதல் பரிசுடா!" என்றாள். மனைவி தன்னோடு வேலை செய்யும் நான்கு பெண்களுடன் இரண்டு மணிக்கு வந்தாள். பரிசுச் சேதியைக் கேட்டுப் பெண்கள் கைதட்டிக்கொண்டே முன்னால் ஓடினார்கள். ஓடியவர்கள் படத்தின் முன்னால் போய் நின்றதும் கைதட்டல் நின்றது.

அவள் வந்து பார்த்தாள். கிட்டப் போய்ப் பார்த்தாள். ஓர் அடி பின்னால் வந்து பார்த்தாள்.

"யாருங்க இது?" என்றாள்.

"என்ன கேள்வி இது? நீதான்! எவ்ளோ லட்சணமா இருக்கே பாரு" என்றாள் நாத்தனார்.

நான்கு பெண்களில் சின்னவள் வாயைக் கட்டுப்படுத்தத் தெரியாதவள். "அக்கா, உங்க மேப் எங்க?" என்றாள்.

அப்போதுதான் தாடைக்காரர் பார்த்தார். இதைக் கேட்டால் நம்பமாட்டீர்கள், ஆனால் அதுதான் உண்மை. அப்போதுதான் பார்த்தார். தானே பிரின்ட் போட்ட படம், தானே கண்ணாடி துடைத்துச் சட்டம் போட்டு, கடையிலிருந்து நேராக நூலகத்துக்குக் கொண்டுவந்த படம், அதில் மனைவியின் இடது கன்னம் துடைத்துவைத்த தட்டுபோல இருந்ததை அந்த நிமிஷம் வரை அவர் பார்க்கவே இல்லை.  முகத்தில் ஈயாடவில்லை.

நடந்தது இதுதான். அந்தத் திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டைக்காக முந்நூற்று நாற்பது பிள்ளைகளை எடுத்திருந்தார். அதே கார்டில் ஞாயிற்றுக்கிழமைப் படமும் இருந்தது. எல்லாம் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் இறங்கின. உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பரு, சேமி. கீறல், சேமி. மூக்கில் சளி, சேமி. நடுவில் எங்கேயோ மனைவியும் வந்தாள். கை அதன் பாட்டுக்கு அதன் வேலையைச் செய்துவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், இந்தப் பழக்கத்துக்குத் தொட்டில் ஸ்டூடியோ. பிரின்ட் எடுத்தபோது பார்த்தாரே என்றால், பார்த்தார், சிரிப்பைப் பார்த்தார், அந்தரத்தில் நிற்கும் ஊசியைப் பார்த்தார், வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். கம்ப்யூட்டர் திரையில் பதினெட்டு வருஷமாக அவர் மனைவி அப்படித்தான் இருந்தாள். அங்கே எதுவும் குறைந்ததாக அவருக்குத் தோன்றவில்லை.

அவர் வாயைத் திறப்பதற்குள் பல் டாக்டர் கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"வாழ்த்துக்கள் சார்! ஒரு சின்ன வேலை பாக்கி. 'உள்ளபடி'ல ஜெயிச்சவங்க கேமராவுலேர்ந்து வந்த ஒரிஜினலைக் காட்டணும். நாலு மணிக்குள்ள கொண்டு வந்துட்டீங்கன்னா, நாலரைக்கு மேடையில பரிசு."

"கொண்டு வருவார் டாக்டர்" என்றாள் மனைவி. பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். குரலில் சூடு இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "போய்க் கொண்டு வாங்க. பரிசு வந்தாலும் சரி, போனாலும் சரி. நான் அதைப் பாக்கணும்."

"அது வந்தும்மா..."

"கை தவறிப் போச்சு, அதானே? உங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. பரவாயில்ல. ஒரிஜினல் கடையில இருக்கும்ல? அன்னிக்குக் கேமராவுல பாத்தேனே, அந்த நான். அது இருந்தாப் போதும் எனக்கு."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். கடை பன்னிரண்டு நிமிஷ நடை. ஓடினார். சாவிக்கடைக்காரர், "என்ன தாடைக்காரரே, நாய் துரத்துதா?" என்றபோது ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே போய்விட்டார்.

கடையில் ஒரிஜினல் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தேடினார். கம்ப்யூட்டரில் மனைவி பேரில் இருந்த ஒரே ஃபைல், சேமித்த நேரம் திங்கள் மாலை. கார்டைத் துடைத்து மறுநாள் அதே பள்ளியின் மிச்சப் பிள்ளைகளை எடுத்தாகிவிட்டது. அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேரை ஓட்டிப் பார்த்தார். வரிசையாகப் பிள்ளைகள்தான் வந்தார்கள், தாடையைத் தூக்கிக்கொண்டு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் இல்லையா, பழைய ஃபோல்டர்களைத் திறந்தார். கல்யாணம். அப்போது இதே அக்காதான், "தம்பி, ஆல்பத்துல மட்டும் அதை எடுத்துடுடா, வர்றவங்க போறவங்க பாப்பாங்க" என்றிருந்தாள். எடுத்தார். புதுப்பெண் ஆல்பத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூடினாள். அதன் பிறகு யாரும் எதுவும் சொன்னதில்லை. ஆனால் மகள் பிறந்த அன்று எடுத்த படத்தில் மச்சம் இல்லை. முதல் வீடு மாறிய நாள், இல்லை. நிலையத்தில் வேலை கிடைத்தபோது எடுத்தது, கடற்கரை, மகளின் பள்ளி விழா, எதிலும் இல்லை. அவசரமாக எடுத்த, ஒருவரும் கேட்காத, பிரின்ட்கூடப் போடாத படங்களிலும் இல்லை. பதினெட்டு வருஷம், அறுநூற்றுச் சொச்சம் படங்கள். உட்கார்ந்து அழுதார். ஆம், அழுதார். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

மணி மூன்று பத்து. அழுது முடித்தவருக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது, கெட்ட புத்தி. அழித்தவனுக்கு வரையத் தெரியாதா? அந்த மச்சத்தின் ஓரம் எங்கே வளைகிறது, எங்கே வெளிறுகிறது என்று அவரைப்போல அறிந்தவர் யார்? படத்தைத் திறந்தார். காதடியில் ஆரம்பித்தார். நிறத்தைக் கலந்து, தோலின் மணிமணியான தன்மை கெடாமல், ஜன்னல் வெளிச்சம் விழுந்த இடத்தில் கொஞ்சம் இளஞ்சிவப்பாக இறக்கி, தாடை வரைக்கும் கொண்டுவந்தார். கால் மணி நேரம் ஆகவில்லை. நிமிர்ந்து பார்த்தார். அவளேதான். அச்சு அசல். பல் டாக்டர் என்ன, பத்திரிகைக்காரம்மா என்ன, படைத்தவனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பரிசு பரிசாக இருக்கும், வீடு வீடாக இருக்கும்.

ஆனால் அவள் இதைப் பார்த்து, 'இதோ, இதுதான் நான்' என்று சந்தோஷப்படுவாளே, அதை நினைத்தார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். நாளைக்கும் மறுநாளும், சாகிற வரைக்கும் நிற்க வேண்டும். இத்தனை நாள் செய்தது அறியாமல் செய்தது. இது தெரிந்து செய்வது.

படத்தை மூடப் போனார். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, 'வேண்டாம்' என்பதை அழுத்தினார்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நூலகத்துக்குள் நுழைந்தார். படத்தின் பக்கத்தில் பல் டாக்டரும், பரிசுக்குப் படங்களைத் தேர்ந்தெடுத்த பத்திரிகைக்காரம்மாவும் நின்றிருந்தார்கள். மனைவி கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில், நாத்தனாரோடு. நான்கு பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தாள்.

"ஒரிஜினல் இல்லைங்க" என்றார் தாடைக்காரர் நின்றபடியே. "நான் படத்துல கை வெச்சுட்டேன். அது விதிக்கு விரோதம். பரிசை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

பல் டாக்டர் படத்தின் பக்கம் திரும்பினார். "அடடா" என்றார். "வெண்ணெய் திரண்டு வர்றப்போ தாழி உடைஞ்ச கதையா ஆயிடுச்சே" என்று பரிசுச் சீட்டை மெதுவாக உரித்தார்.

பத்திரிகைக்காரம்மா பெஞ்சில் இருந்தவளையும் படத்தில் இருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "தப்பு என் மேலயும் இருக்கு. வெளிச்சம் அவ்ளோ நேரா விழுந்தும் அந்தக் கன்னத்துல ஒண்ணுமே இல்லையேன்னு எனக்குத் தோணியிருக்கணும்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "அதோட எடுத்தது இருந்திருந்தா, சார், அது பெரிய படம்" என்றாள்.

அதைக் கேட்ட பிறகு அவருக்கு மனைவியிடம் போக நான்கு எட்டுதான் இருந்தது. அந்த நான்கு எட்டு எவ்வளவு தூரம் என்று அவருக்குத்தான் தெரியும்.

"ஒரிஜினல் இல்லம்மா."

"கேட்டேன்."

"இது மட்டும் இல்ல. எதுக்குமே இல்ல. கல்யாணத்துலேர்ந்து நான் எடுத்த ஒண்ணுலகூட... நான் பழசை வெச்சுக்கிறதில்ல. மேலயே சேமிச்சுடுவேன்."

 அக்காதான் பதறினாள்.

"அவனை ஒண்ணும் சொல்லாதேம்மா. நான்தான் அன்னிக்குச் சொன்னேன், அதை எடுத்துடுடான்னு. என் வாயை வெச்சுக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம்..."

"அண்ணி, நீங்க ஒரு நாள் சொன்னீங்க" என்றாள் அவள். "இவர் பதினெட்டு வருஷம் செஞ்சார்."

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரைக்கும் நடந்து, படிக்கட்டு முடியும் இடத்தில் நின்றாள். பஸ் நிறுத்தம் அங்கேதான். அவர் பின்னாலேயே வந்து நின்றார். உள்ளே மேடையில் மைக்கைத் தட்டி, "ஹலோ, ஹலோ" என்றார்கள்.

"என் பொண்ணு போன்ல நான் இருக்கேன். நிலையத்துப் பொண்ணுங்க போன்ல இருக்கேன். நேத்து வந்த ஒரு குழந்தையோட அம்மா போன்லகூட இருக்கேன்" என்றாள் அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "உங்ககிட்ட மட்டும் நான் இல்ல."

அவர் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, ஆனாலும் சொன்னார்.

"கடையில உக்காந்து திருப்பி வரைஞ்சேன்."

"எதை?"

"அதைத்தான். வரைஞ்சு, இதுதான் ஒரிஜினல்னு கொண்டு வந்து காட்டலாம்னு நெனச்சேன். அப்புறம் மனசு வரல, விட்டுட்டேன்."

அவள் சட்டென்று திரும்பினாள். "நான் பக்கத்துல இல்லாம, பாக்காம எப்படி வரைஞ்சீங்க?"

"பாக்காமத்தான்."

"சும்மா சொல்லாதீங்க. எனக்கே கண்ணாடி இல்லாம வராது."

"காதுக்கடியில விரல் நுனி அளவுல ஆரம்பிக்கும்" என்றார் அவர். கண்ணைக் கீழே போட்டிருந்தார், அவளைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் கீழ வந்து உள்பக்கமா ஒரு வளைவு. அந்த வளைவுல நிறம் கம்மி. அப்புறம் ஒரேயடியா அகலமாகும். தாடைகிட்ட வந்து ரெண்டாப் பிரியும். ஒண்ணு அங்கேயே நின்னுடும், இன்னொண்ணு கழுத்துப் பக்கம் அரை அங்குலம் இறங்கும். நடுவுல ஒரு சின்ன இடத்துல மச்சமே கிடையாது, அரிசி அளவு, வெறும் தோல். காய்ச்சல் வந்தா வெளிறும். கோபம் வந்தா நல்லாச் சிவக்கும்."

அவள் கை தன்னை அறியாமல் கன்னத்துக்குப் போனது. அந்த அரிசி அளவு இடத்தை விரலால் தேடினாள். அப்படி ஒன்று இருப்பது அவளுக்கே தெரியாது.

"இவ்ளோ தெரியுமா உங்களுக்கு?"

"அறுநூறு தடவை அழிச்சிருக்கேன்ல" என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அவள் கண்ணில் நீர் கட்டிவிட்டது. இவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்தவள் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"இவ்ளோ பாத்த மனுஷன்," என்றாள், "ஒரே ஒரு தடவை விட்டு வெச்சிருக்கலாம்லங்க."

 பஸ் வந்தது. அவள் முதலில் ஏறினாள், அவர் பின்னால் ஏறினார்.